பூஜைக்கு வெளுத்த தூள்

"வினையூக்கி முழு வெள்ளை. மேலாளர் நேரில் பார்த்து ஒப்புக்கொண்டார்." ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் பகல் ஷிப்ட் பதிவில் நான் எழுதிய வரிகள் இவை. இரண்டாவது வாக்கியத்தை யாரும் கேட்கவில்லை. வேண்டுமென்றே சேர்த்தேன், அவரிடமே கையெழுத்தும் வாங்கினேன்.

எங்கள் சோதனை ஆலை வாளையாருக்கு இப்பால், ஒரு தொழிற்பேட்டையில் இருக்கிறது. மெத்தனாலை எத்திலீனாகவும் புரோப்பிலீனாகவும் மாற்றிப் பார்ப்பது எங்கள் வேலை. பிளாஸ்டிக்குக்கு மூலப்பொருள் அவை. ரியாக்டருக்குள் மாவு போன்ற வினையூக்கித் தூள் இருக்கும். கீழிருந்து மெத்தனால் ஆவியை விட்டால் அது கொதிக்கிற கஞ்சிபோலப் புரளும். அந்தப் புரளலில் மெத்தனால் உருமாறும். கூடவே தூளின் நுண்துளைகளில் கரி படியும். கறுத்த தூளைப் பக்கத்துக் கலத்துக்கு இழுத்து, காற்றுக் கொடுத்துக் கரியை எரித்துத் திருப்பி அனுப்புவோம்.

எல்லாக் கரியையும் எரிக்கக் கூடாது. கொஞ்சம் மிச்சம் வைத்தால் துளைகள் குறுகி, எத்திலீன் போன்ற சின்ன மூலக்கூறுகள் அதிகமாக வெளியே வரும். முழுக்க எரித்தால் எத்திலீன் குறைந்து, எங்களுக்கு வேண்டாத புரோப்பேன் ஏறும். இது பலரும் எழுதி வைத்திருப்பது, என் கண்டுபிடிப்பு அல்ல. எங்கள் ஆலையில் அதை ஓட்டிக் காட்டியவள் நான்.

மேலாளர் அந்த வருடம்தான் வந்திருந்தார். ஆயுத பூஜைக்கு பம்பு, வால்வு, லாரிச் சக்கரம் எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவச் சொன்னார். எங்கள் பக்கத்து வழக்கம்தான். சாமி படத்தின் முன் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் வினையூக்கியும் இருக்க வேண்டும் என்றார். கொண்டுபோய்க் கொடுத்தேன். கருஞ்சாம்பல் நிறத்தைப் பார்த்ததும் எல்லார் முன்னாலும் கேட்டார்.

"ஏனுங்கம்மா, உங்க வண்டிப்பெரியார்ல கறுப்பா இருந்தாத்தான் நல்ல சரக்கு. இதென்ன தேயிலைங்களா?"

சிரித்தார்கள். என் அப்பாவும் அம்மாவும் வண்டிப்பெரியாரில் தேயிலை எஸ்டேட் தொழிலாளிகள் என்பது அவருக்குத் தெரியும். கரியை ஏன் விட்டுவைக்கிறோம் என்று விளக்கினேன். சோம்பேறித்தனத்துக்கு விஞ்ஞானப் பெயர் வைக்காதீர்கள் என்றார். பெரிய ஆலை கட்டலாமா என்று முடிவுசெய்யும் குழு விஜயதசமியன்று வருவதாக இருந்தது. அவர்கள் போனதும் என் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்து, என்னை ஸ்டோருக்கு மாற்றப்போவதாகவும் அங்கேயே சொன்னார்.

"வெள்ளையாப் பண்ணிக் குடுங்க. அதுக்கு மேல பேச்சு வேண்டாம்."

"சரி சார்" என்றேன். இன்னொரு முறை எச்சரித்திருக்கலாம். ஒரு முறை சொன்னதே போதும் என்று முடிவெடுத்தேன்.

மெத்தனாலை நிறுத்தி, காற்றைப் படிப்படியாக ஏற்றி, சூடு எல்லை மீறாமல் பார்த்துப் பார்த்து எரித்தேன். அவ்வளவு சிரத்தையாக நான் எந்த வேலையும் செய்ததில்லை. என்னோடு நின்ற ஆபரேட்டர், "ஏனுங் மேடம், இப்பிடி வெளுத்தா ஓட்டறப்ப எத்திலீன் உழுந்துருமுங்களே?" என்றார்.

"விழட்டும்ணே."

அவர் காற்று வால்வை இன்னும் கொஞ்சம் திறந்தார்.

பூஜையில் பூசாரி கிண்ணத்து வெள்ளைத் தூளை விபூதி என்று நினைத்து விரலை நீட்டினார். நாங்கள்தான் தடுத்தோம். மேலாளருக்கு அதில் அத்தனை பெருமை.

விஜயதசமி காலை குழுவின் கண்முன் ஆலையை ஓட்டினோம். திரையில் எத்திலீன் கோடு ஏறவேண்டிய இடத்தில் படுத்துக் கிடந்தது. புரோப்பேன் ஏறியது. இன்னும் சூடு பிடிக்கவில்லை என்றார் மேலாளர். மதியமும் அதையே சொன்னார். குழுத் தலைவி அவரை விட்டு என் பக்கம் திரும்பினார்.

"கரி முழுசும் எரிஞ்சு போச்சு மேடம். கொஞ்சம் விட்டுவைக்கணும்" என்றேன்.

"யாரு எரிக்கச் சொன்னது?"

மேலாளரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அறையில் எல்லாரும் அவரைப் பார்க்கும்வரை கண்ணை எடுக்கவில்லை.

"நாந்தானுங்க" என்றார். அந்தக் குரலை இப்போதும் வேண்டும்போது நினைத்துக்கொள்வேன்.

காற்றைக் குறைக்க அனுமதி கேட்டேன்; தலைவியே கொடுத்தார். தூள் மெல்லக் கறுத்தது. மறுநாள் குழு கிளம்புமுன் எத்திலீன் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. சில வாரங்களில் மேலாளரைக் கோயம்புத்தூர் அலுவலகத்துக்கு, கொள்முதல் பிரிவுக்கு மாற்றினார்கள். நான் கட்டுப்பாட்டு அறையிலேயே இருக்கிறேன். மன்னித்துவிடு என்று என் அம்மா சொன்னாள், சர்ச்சிலும் அதையேதான் சொல்கிறார்கள். நான் மன்னிக்கவில்லை.

அந்த மேலாளர் இப்போது இங்கே வேலையை விட்டு, வடக்கே ஒரு மெத்தனால் ஆலையில் இருக்கிறாராம். கரியை மிச்சம் வைக்கும் முறையைத் தன் சொந்த அனுபவம் என்று அங்கே வகுப்பெடுக்கிறாராம். இதைச் சொன்னவர் எங்களுக்கு வால்வு மாட்டும் ஒப்பந்தக்காரர் ஒருவர் மட்டுமே. எந்த ஆலை என்று அவருக்கும் தெரியவில்லை. வேறு யாரிடமும் இதை என்னால் இன்னும் உறுதிசெய்துகொள்ள முடியவில்லை.