அக்காவின் உயரத்தில் என் சீட்

என் கணவருடைய அண்ணன் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வாய்தான் கூப்பிடும். பாரிஸிலிருந்து திரும்பி எங்கள் முத்தியால்பேட்டை வீட்டின் மாடிக்குக் குடிவந்த நாளிலிருந்து, அவர் எதைச் செய்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடைமழையில் பீச் ரோட்டுக்குச் சைக்கிள் எடுத்துப் போக முடியவில்லை. மாடி ஹாலில், பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் ஸ்டாண்டில் அவருடைய சைக்கிளை மாட்டி, இருவரும் மாறி மாறி மிதித்தோம். மழை விட்டதும் ஒரு ஞாயிறு குடும்பமாக மரக்காணம் வரை சைக்கிளில் போவதாகத் திட்டம்.

"ஒன்னால முடியலன்னா இட்லிய எடுத்துக்கினு கார்ல வந்துடு," என்றார் என் கணவர்.

அண்ணியிடம் அப்படிச் சொன்னாரா? இல்லை. செத்தாலும் காரில் ஏறுவதில்லை என்று அப்போதே முடிவு செய்தேன்.

அக்கா நெட்டை, நான் குட்டை. யார் ஏறினாலும் சீட்டை மாற்ற வேண்டியிருந்ததால், சீட் குழாயில் ஆளுக்கொரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிவைத்தோம். அவருக்கு மெரூன், எனக்குக் கருப்பு. இரண்டுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. அந்த நாலு விரலைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிந்தது. அவரோ ஒரு மணி நேரம் மிதித்துவிட்டு, போட்ட பவுடர் கலையாமல் இறங்குவார்.

"அண்ணி மிதிக்கிறத பாரு, என்னா அழகு!" என்பார் இவர்.

நானும் மெரூன் பொட்டிலேயே வைத்து மிதித்தேன். கால்விரல் நுனிதான் பெடலைத் தொட்டது. இடுப்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. முட்டிக்குப் பின்னால் சுண்டி இழுத்தது. கைப்பிடியை எட்டிப் பிடித்ததில் உள்ளங்கை மரத்துப்போனது.

"சீட்ட எறக்கிக்கோம்மா," என்றார் அக்கா.

"எனக்கு இதான்க்கா வசதி."

கீழே வந்து கதவைச் சாத்திக்கொண்டு முட்டிக்குத் தைலம் தேய்த்தேன்.

வியர்வையில் நெற்றிப் பொட்டே நிற்பதில்லை, குழாயில் ஒட்டியது எங்கே நிற்கும்? ஒரு சாயங்காலம் போனபோது இரண்டுமே உதிர்ந்திருந்தன. சீட்டை எங்கே வைப்பதென்று முழித்தேன். அக்கா ஸ்பேனரோடு வந்துவிட்டார்.

"செருப்ப கழட்டிட்டு ஏறு. குதிகால பெடல்ல வை. பெடல் அடியில போறப்ப காலு நேரா நிக்கணும், இடுப்பு சாயக்கூடாது."

கொஞ்சம் கொஞ்சமாக சீட்டை இறக்கினார். அதை முன்னால் தள்ளினார். முழங்கை லேசாக மடங்கும்வரை கைப்பிடியை உயர்த்தினார். மிதித்தேன். வலியே இல்லை. சனியன், துளி வலி இல்லை! ஆள் அழகு, மிதிப்பதும் அழகு, போதாததற்கு நல்லவராகவும் இருந்து தொலைக்கிறார். என்னால் தாங்க முடியவில்லை.

அன்றுதான் முதல்முறையாக ஒரு மணி நேரம் இறங்காமல் மிதித்தேன். இவர் மாடியேறி வந்து கதவோரம் நின்று பார்த்தார். எனக்காக ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன்.

"பரவால்லயே! அண்ணி செட் பண்ணி குடுத்தாங்களா? அதானே பாத்தேன்!"

நான் காலை நிறுத்தவில்லை.

"ஞாயித்துக்கெழம இட்லிய எடுத்துக்கினு நீங்க கார்ல வாங்க," என்றேன்.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். பாழாய்ப்போக, அந்தச் சிரிப்பும் அழகாகத்தான் இருந்தது.