மாலை கழற்றிய மறுநாள்

பழனியாண்டவனை நம்பி நடக்கிற எல்லோருக்கும் அகரத்திலிருந்து செல்வத்தின் வணக்கம். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் குடிகாரன். வருஷத்தில் ஒரு மண்டலம் தவிர மற்ற எல்லா நாளும் குடித்தவன்.

அந்த ஒரு மண்டலம்தான் என்னைக் கெடுத்தது என்றுகூடச் சொல்வேன். தைப்பூசத்துக்கு மாலை போட்டால் ஒரு சொட்டுத் தொடமாட்டேன். செருப்பில்லாமல் குட்டியானை லோடு வண்டி ஓட்டி, சுற்றுப்பட்டு ஊர்ப் பூவை எல்லாம் திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் இறக்குவேன். ஊரே என்னைச் சாமி, சாமி என்று கூப்பிடும். பூசம் முடிந்து பழனி அடிவாரத்தில் குருசாமி மாலையைக் கழற்றுவார். திரும்பி வருகிற வேன், ஒட்டன்சத்திரம் தாண்டுவதற்குள் ஒயின்ஷாப் வாசலில் நிற்கும். என் மனைவி தேவி ஏதாவது கேட்டால் பதில் தயாராக வைத்திருப்பேன். "நெனச்சா விட்டுருவேன்டி. மாலை போட்டப்ப விடல?" அவளும் பாவம், அடுப்படிக்குத் திரும்பிவிடுவாள்.

போன வருஷம் நிலைமை கைமீறிவிட்டது. காலையில் லோடு இறக்கிய கையோடு குடிக்க ஆரம்பித்துவிடுவேன். தேவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சின்னாளப்பட்டியில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். நான் மாலை போட்ட செய்தி தெரிந்துதான் திரும்பி வந்தாள். வாசலிலேயே நின்று ஒன்று சொன்னாள்.

"இந்தத் தடவ மாலைய கழட்டுன பெறகு குடிச்சீங்கன்னா நான் போயிருவேங்க. அடுத்த மாலைக்குத் திரும்பி வர மாட்டேன்."

கத்தவில்லை, அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மாலை போட்ட மூன்றாம் நாள் பஜனை மடத்தில் உட்கார்ந்திருந்தேன். முந்தின வருஷங்களில் இல்லாதபடி, முதலில் கை நடுங்கியது. பிறகு உடம்பு முழுக்க உதறியது. வேர்த்துக் கொட்டியது. சுவரில் என்னென்னவோ ஊர்வது போலத் தெரிந்தது. எங்கள் ஊர்ப் பெண்கள் குலவை போட்டார்கள். "செல்வம் சாமிக்கு அருள் வந்திருச்சு!" என்று விபூதியை அள்ளிப் பூசினார்கள். ஓர் அம்மா காலில் விழுந்து, "எம் மகளுக்கு எப்ப சாமி கல்யாணம் ஆகும்?" என்று கேட்டார். பல் கிட்டித்துக்கொண்டிருந்த நான், "ஆவணியில" என்று உளறினேன். ஆவணியில் நடந்தேவிட்டது. அது முருகன் செயல், எனக்கு அதில் பங்கில்லை.

கூட்டத்தில் ஒருவர் மட்டும் கும்பிடவில்லை. ராமசாமி அண்ணன். ஒட்டன்சத்திரம் பக்கத்து ஆள், மகள் வீட்டோடு எங்கள் ஊரில் இருப்பவர், அவரும் மாலை போட்டிருந்தார். என் கையைப் பிடித்து, காதோரம் குனிந்து கேட்டார்.

"ஏனுங் சாமி, கடைசியா எப்பக் குடிச்சீங்க?"

சொன்னேன். "இது அருள் இல்லீங்க. குடிய சட்டுனு நிறுத்துனா சில பேருக்கு இப்படித்தான் ஆகும். எனக்கும் ஆச்சுங்க. உசுருக்கே ஆபத்து, கெளம்புங்க" என்றார். என் வண்டியிலேயே என்னைப் படுக்க வைத்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

டாக்டரம்மாவும் அதையேதான் சொன்னார். வெகுகாலம் குடித்த உடம்பு, திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம், மருந்து கொடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார். வார்டில் படுத்திருந்தபோது என் கவலை வேறு. மாத்திரையும் ஊசியும் ஏற்றினால் விரதம் கெட்டுவிடுமே! குருசாமியிடம் போனில் கேட்டேன். அவர் சிரித்தார். "மருந்தும் அவன் குடுத்ததுதான் சாமி. பேசாமப் போட்டுக்கங்க."

உடம்பு தேறி, டாக்டரம்மா சரி என்று சொன்ன பிறகு பாதயாத்திரை நடந்தேன். மற்ற வருஷங்களில் பழனி எப்போது வரும் என்று நடப்பேன். அந்த வருஷம் பழனி வரவே கூடாது என்று நடந்தேன். சன்னதியில் நின்றபோது வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. "முருகா, மாலை இருக்கிறவரைக்கும் நீ பார்த்துக்கொள்கிறாய். கழற்றின பிறகும் என்னோடு இரு. தனியாக விட்டால் செத்துப்போவேன்." அவ்வளவுதான் என் வேண்டுதல். வாய்விட்டு அழுதேன்.

அடிவாரத்தில் என் முறை வந்தது. மாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "எனக்கு மட்டும் கழட்டாதீங்க சாமி" என்று கெஞ்சினேன். குருசாமி என் விரல்களை மெதுவாகப் பிரித்தார்.

"பொண்டாட்டி பிள்ளையோட வாழ வேண்டிய ஆளு. எம்புட்டு நாளைக்கி விரதத்துலயே ஒளிஞ்சுக்கிருவ?"

கழுத்து வெறுமையானது. வேனில் ஏறியவர்கள், "ஏலே செல்வம், வாடா, நேரமாகுது" என்று கை காட்டினார்கள். எங்கே போவதற்கு நேரமாகிறது என்று எனக்குத் தெரியும். நாக்கு ஊறியது. கால் வேன் பக்கம் திரும்பியும்விட்டது. அப்போது தோளில் ஒரு கை விழுந்தது.

"செல்வம், நம்ம பஸ்ஸுல போலாமுங்க" என்றார் ராமசாமி அண்ணன்.

வழியெல்லாம் அவர் புத்தி சொல்லவில்லை, தன் கதையைச் சொன்னார். குடியை விட்டு எத்தனையோ வருஷம் ஆகியும் அன்றைக்கு வேனைப் பார்த்ததும் தனக்கும் ஆசை வந்தது என்றார். "அதானுங்க உங்களக் கூட்டிக்கிட்டேன். எனக்கும் தொணை வேணுமில்லைங்களா?"

மறுநாள் சாயங்காலம் திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூட அறைக்குக் கூட்டிப்போனார். பிளாஸ்டிக் நாற்காலிகள், டீ, பிஸ்கட். குடியை விட்டவர்கள் வாராவாரம் கூடுகிற இடம். எழுந்து பேசியவர்களில் பேங்க்கில் வேலை பார்ப்பவர் இருந்தார், சிறுமலையில் வாழை போட்டிருப்பவர் இருந்தார். தோல் வியாபாரம் செய்கிற ஒரு பாய் எழுந்து, "இன்னைக்கி நான் குடிக்கல. அம்புட்டுத்தான், அல்ஹம்துலில்லாஹ்" என்று உட்கார்ந்தார். அத்தனை பேரும் கை தட்டினார்கள். என் முறை வந்ததும் எழுந்தேன். "நான் செல்வம். மாலை இல்லாமல் இருக்க எனக்குத் தெரியாது" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. அதற்கும் கை தட்டினார்கள்.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. ஒரு முகூர்த்த நாளில் நல்ல லோடு. பூ வாங்கிய ஒருவர் சந்தோஷத்தில் வாடகையோடு ஒரு பாட்டிலையும் சீட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அதைத் தொடவும் முடியவில்லை, தூக்கி எறியவும் முடியவில்லை. பாய்க்குப் போன் செய்தேன். "வண்டிய விட்டு எறங்கி நில்லுங்க தம்பி, செத்த நேரத்துல வாரேன்" என்றார். கடையைப் போட்டது போட்டபடி மொபெட்டில் வந்தார். பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு, எனக்கு டீ வாங்கிக் கொடுத்து, தோல் விலையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். எனக்குத் தோலைப் பற்றி ஒன்றும் தெரியாது. என் தவிப்பு அடங்கியதும்தான் கிளம்பினார். நான் பழனி மலையில் கேட்ட துணை இதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அன்பானவர்களே, மாலை போடுங்கள், விரதம் இருங்கள், மனமுருகிக் கேளுங்கள். கூடவே டாக்டரையும் பாருங்கள். தினமும் குடிக்கிற உடம்பு என்றால், வைராக்கியத்தில் நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். மாலை கழற்றின மறுநாள் எங்கள் மாதிரி ஆட்களைத் தேடி வாருங்கள். எங்களுக்கும் நீங்கள் வேண்டும்.

இந்தத் தையிலும் நடந்துபோய், அடிவாரத்தில் மாலையைக் கழற்றினேன். இந்தத் தடவை அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளவில்லை. மற்ற வருஷங்களில் அந்த நாள் முழுக்க தேவி வாசலுக்கும் ரோட்டுக்குமாக நடந்துகொண்டிருப்பாள். நான் வீட்டுக்கு வந்தபோது மதியம். சோற்றை மூடி வைத்துவிட்டு அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்த சத்தத்துக்குக்கூட எழுந்திருக்கவில்லை. நான் எழுப்பவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தத் தூக்கத்தை உங்கள் வீட்டுப் பெண்களுக்கும் முருகன் கொடுக்கட்டும்.