பஞ்சு மரத்து வீடு

போன சனிக்கிழமை எங்கள் வாசலில் நின்ற இலவமரத்தை வெட்டிவிட்டோம். "நீங்களே இப்படிச் செய்யலாமா?" என்று மரம் வளர்க்கிற வாசகர்கள் போனை எடுப்பதற்குள் என் தரப்பைச் சொல்லிவிடுகிறேன்.

அரூரில் எங்கள் தெருப்பக்கம் யாரிடம் கேட்டாலும் 'பஞ்சு மரத்து வூடு' என்றுதான் எங்கள் வீட்டுக்கு வழி காட்டுவார்கள். அப்படி ஒரு உயரம். சேலத்திலிருந்து வருகிற பஸ் ஊருக்குள் திரும்பும்போதே ஜன்னலோரம் இருப்பவர்களுக்கு அது தெரிந்துவிடும். கோடையில் காய் வெடித்தால் போச்சு... எதிர்வீட்டு ரசத்தில் பஞ்சு, பக்கத்து வீட்டு ஈரத்துணியில் பஞ்சு. வசவு மட்டும் எங்களுக்கு!

வசவைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். வேர் அஸ்திவாரத்துக்குள் போய், என் மகள் படுக்கிற அறைச் சுவரில் விரல் நுழைகிற அளவுக்கு விரிசல் விட்டால்? வந்து பார்த்த இன்ஜினீயர், மரமா வீடா என்று முடிவு பண்ணிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இது போன வருஷக் கதை.

முட்டுக்கட்டை போட்டது அப்பா. தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். வேண்டாம் என்று நேரடியாகச் சொல்ல மாட்டார். காரணம் சொல்வார். ஆடி முடியட்டும் என்றார். முடிந்தது. மைனா குஞ்சு பொரித்திருக்கிறது என்றார். குஞ்சுகளும் பறந்து போயின. பஞ்சு எடுத்துவிட்டு வெட்டலாம், தலையணைக்கு ஆகும் என்றார். எங்கள் வீட்டில் தலையணைக்கா பஞ்சம்? படுக்கத்தான் ஆள் குறைவு.

போன மாதம் ஒரு காற்று மழை. பெரிய கிளை ஒன்று முறிந்து மொட்டை மாடித் தண்ணீர் டேங்க்கின் மேல் விழுந்தது. டேங்க் சுக்குநூறு. என் மனைவி மகளை ஹாலுக்கு மாற்றிப் படுக்க வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். "ஏங்க, மாமாவுக்கு நம்ம புள்ளையவிட மரம் ஒசத்தியாப் போச்சா?"

எனக்கும் அதே கோபம்தான். மரம் வெட்டுகிற மேஸ்திரியை வரச் சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை காலையில் ஆட்கள் வந்து கிளைகளுக்குக் கயிறு கட்டினார்கள். மேஸ்திரி மரத்தடியில் மஞ்சள் தெளித்து, கற்பூரம் ஏற்றினார். அவர்கள் வழக்கம் அது.

"வூட்டுக்குப் பெரிய பையன் வந்து தேங்கா உடைங்க. அப்புறந்தான் மிஷின்ல கை வெப்போம்" என்றார்.

நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் போனேன்.

"இவன் சின்னவனுங்க" என்றார் அப்பா. "பெரியவன் வெளிய போயிருக்கறான்."

ஏதோ கடைக்குப் போயிருப்பவனைச் சொல்வது போலச் சொன்னார்.

எனக்கு ஒரு அண்ணன். முருகேசன். இத்தனை வருஷமாக இந்தப் பத்தியில் நான் எழுதாத பெயர். காலேஜைப் பாதியில் விட்டுவிட்டான் என்று தெரிந்த அன்று, இதே மரத்தடியில் தெருவே பார்க்க அப்பா அவனை அடித்தார். இனிமேல் இந்த வீட்டுப் படி ஏறாதே என்றார். அவன் ஏறவில்லை. பொம்மிடியில் ரயில் ஏறியதைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். அவ்வளவுதான். தேடாத இடமில்லை. கடிதம் இல்லை, போன் இல்லை. அப்பா அதற்குப் பிறகு அவன் பெயரையே எடுத்ததில்லை. அவர் எதிரில் நாங்களும் எடுத்ததில்லை. அம்மா போய்விட்டது அவனுக்குத் தெரியுமா என்பதுகூட எங்களுக்குத் தெரியாது.

மேஸ்திரி பாவம், அவர் எதைக் கண்டார்? பெரிய பையன் வர எவ்வளவு நேரமாகும், காத்திருக்கலாமா என்று கேட்டார்.

அப்பா மரத்தில் கையை வைத்தார். என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஓட்டு வூடு மாடி ஆயிருச்சு. மாவு மில்லு இருந்த எடத்துல கல்யாண மண்டபம் வந்துருச்சு. போன் நம்பரும் மாறிப் போச்சு. அவன் பார்த்ததுல மிச்சம் இது ஒண்ணுதான்டா. திரும்பி வந்தான்னா, எதை வெச்சு எறங்குவான்?"

காலமெல்லாம் பஸ்ஸில் நின்றவர். பாதிப் பேருக்கு ஸ்டாப்பின் பெயர் தெரியாது, அந்தப் புளியமரத்துக்கிட்ட நிறுத்துங்க என்றுதான் கேட்பார்கள் என்று அவரே எங்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

என் மனைவி என் அண்ணனைப் பார்த்ததே கிடையாது. அவள்தான் முதலில் அழுதாள். மரம் இருக்கட்டும் மாமா, நாங்கள் ஹாலிலேயே படுத்துக்கொள்கிறோம் என்றாள். அப்பா மறுத்துத் தலையை ஆட்டினார்.

"புள்ள மேல விழுந்தா யாரு பதில் சொல்றது? முருகேசன் பேரைச் சொல்லி நீ ஒடைடா."

பெயரைச் சொல்லி உடைத்தேன். அண்ணன் பெயரை அப்பா முன்னால் சத்தமாகச் சொல்ல அந்த மரம் விழ வேண்டியிருந்தது.

வயதானவர்கள் அடம் பிடித்தால் நாம் அவர்கள் சொல்கிற காரணத்தோடு மல்லுக்கட்டுகிறோம். சொல்லாத காரணம் ஒன்று உள்ளே கிடக்கிறதா என்று யார் கேட்கிறோம்?

சாயந்திரத்துக்குள் வேலை முடிந்தது. வாசல் முழுக்க வெளிச்சம்... கூசியது. தெருவில் இருக்கிற மற்ற வீடுகளைப் போல எங்கள் வீடும் ஆகிவிட்டது. வழக்கமாக வருகிற சிலிண்டர்காரரே எங்களைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தார். மரம் இருந்த இடத்தில் அப்பா பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தார். தினமும் உட்காருகிறார். சாப்பிடக் கூப்பிட்டால் வந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பப் போய் உட்கார்ந்துகொள்கிறார்.

இந்தப் பத்தி எங்கெங்கோ போகிறது. டீக்கடையில் வடை மடிக்கிற தாளாகவும் போகும் என்று நானே கிண்டல் செய்திருக்கிறேன். இந்த வாரம் அப்படிப் போனாலும் சரி, அவன் கையில் போய்ச் சேரட்டும். வாசகர்கள் மன்னிக்க வேண்டும், கடைசி வரி ஒருவனுக்கு மட்டும்.

அண்ணா, கல்யாண மண்டபத்தில் இறங்கு. மரம் இருக்காது, அந்த இடத்தில் அப்பா உட்கார்ந்திருப்பார்.