மூன்றாவது சங்கதி

தங்கராசு சித்தப்பாவுக்கு முன்பல் இரண்டு கிடையாது. ஆடி மாதம் ஒரு சாமி ஊர்வலத்தில் மழைச் சேறு வழுக்கிக் கீழே விழுந்தார். விழும்போது கையில் இருந்த நாயனத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டதால் முகம் தரையில் மோதியது. "நாயனம் ஆச்சா மரத்துல கடைஞ்சதுடா, அந்த மரம் இப்ப கெடைக்குமா? பல்லு சும்மா முளைச்சதுதானே" என்று பார்க்க வந்தவர்களிடம் சொல்லிச் சிரித்தார். அப்போது சிரிக்க முடிந்தது.

பெரம்பலூரில் ஒரு டாக்டர் கட்டுப்பல் வைத்துக் கொடுத்தார். பேசவும் சாப்பிடவும் நல்ல பல். நாயனத்துக்குத்தான் ஒத்துவரவில்லை. நாயனத்தின் நுனியில் செருகிய சீவாளியை உதட்டால் கவ்வி ஊதும்போது எச்சில் ஊறும், பல் மெல்ல அசையும். நிதானமாக வாசித்தால் தாங்கும். வேகம் கூடினால் நழுவி நாக்கில் வந்து விழும்.

அந்த நேரம் பார்த்து அரியலூர்ப் பக்கம் ஒரு கோயிலில் நாயனக்காரர் வேலை காலியானது. இத்தனை வருடமும் கல்யாணம், காதுகுத்து என்று யாராவது கூப்பிடுவார்களா என்று காத்திருந்தே வாழ்ந்தவர் சித்தப்பா. மாதச் சம்பளம் உள்ள வேலைக்கு அவர் வயதில் இன்னொரு முறை கூப்பிட மாட்டார்கள். தேர்வில் கீர்த்தனை ஒன்றைச் சங்கதிகளோடு முழுமையாக வாசித்துக் காட்ட வேண்டும். இதைக் கேட்ட நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

சங்கதி என்றால் என்னவென்று எனக்கும் அந்த நாட்களில்தான் புரிந்தது. வேப்பந்தட்டையில் அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். பாட்டின் முதல் வரியை வெறுமையாக வாசிப்பார். அடுத்த தடவை அதே வரியில் ஓர் இடம் மட்டும் கொஞ்சம் வளையும். அதற்கடுத்து இன்னும் கொஞ்சம் நீளும். ஒவ்வொன்றும் முந்தியதன் மேல் ஏறி நிற்கும். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம், திருவையாற்றில் இருந்த மகான் செய்த வேலை அது என்பார் சித்தப்பா. 'ஐயர்வாள்' என்றுதான் சொல்வார், பெயரைச் சொல்ல மாட்டார்.

"அவருக்கு முன்னாடியும் பாட்டு இருந்துச்சு. வரியப் பாடுனாங்க, அடுத்த வரிக்குப் போனாங்க. இவருதான் ஒரே வரிய வளத்து வளத்துக் காட்டுனாரு. அதக் கேட்டுட்ட பெறகு எவனும் வெறும் வரியோட எறங்க முடியல. பாடுறவனும் முடியல, நாயனக்காரனும் முடியல."

அவர் எடுத்துக்கொண்ட கீர்த்தனையில் மூன்றாவது சங்கதி மேல் ஸ்தாயிக்குப் பாய்ந்து அதே வேகத்தில் இறங்கும். சுவருக்கு அந்தப் பக்கம் தினமும் அந்தச் சங்கதி வந்ததும் சத்தம் நின்றுவிடும்.

தேர்வன்று ஜெயசித்ரா சித்தியும் கூடப் போனார். போகும்போது பஸ்ஸில் சித்தப்பா ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாராம்.

"பல்லு விஷயம் தெரியக் கூடாது சித்ரா. தெரிஞ்சா கழிச்சுருவாங்க."

"நீங்க வாயப் பொத்திக்கிட்டே இருந்தாத்தான் சந்தேகம் வரும். கையை எடுங்க மொதல்ல."

கோயில் மண்டபத்தில் இசைப்பள்ளி ஆசிரியை ஒருவர் தேர்வு நடத்தினார். தவிலுக்கு மணிமாறன் என்ற உள்ளூர்க்காரர். சித்தப்பா உட்கார்ந்து ஊதத் தொடங்கியதும் தூணோரம் இருந்த சித்தி நிமிர்ந்து பார்த்தார். எடுத்த எடுப்பிலேயே மூன்றாவது சங்கதி! எச்சில் ஊறுவதற்குள், பல் இறுக்கமாக இருக்கும்போதே கஷ்டமானதை முடித்துவிடலாம் என்று பஸ்ஸிலேயே கணக்குப் போட்டிருக்கிறார். சித்தியிடம்கூடச் சொல்லவில்லை.

சங்கதி சுத்தமாக விழுந்தது. ஆனால் அதற்கு மேல் போக இடமில்லை. அடுத்து வெறும் வரியை வாசித்தார், அது பாட்டாகவே இல்லை. மணிமாறன் தவிலை நிறுத்திவிட்டார்.

"அண்ணே, என்னண்ணே இது? மாடியில கால வச்சுட்டுப் படியத் தேடுறீங்க?"

ஆசிரியை சிரிக்கவில்லை. "பதட்டப்படாதீங்க. வரியிலேர்ந்து எடுங்க" என்றார்.

சித்தப்பா மறுபடி தொடங்கினார். வரி வந்தது. முதல் சங்கதி வந்தது. இரண்டாவதன் நடுவில் பல் ஆட்டம் கண்டது. சித்தி கண்ணை மூடிக்கொண்டார். நாயனம் நின்றது. திறந்து பார்த்தால், சித்தப்பா பல்லைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருக்கிறார். யாரையும் பார்க்காமல், பொக்கை வாயோடு மறுபடி வரியிலிருந்து எடுத்தார். நாதத்தோடு கொஞ்சம் வெறுங்காற்றும் கலந்து வந்தது. இரண்டாவது சங்கதி வரை ஏறினார். அங்கிருந்து வரிக்கே திரும்பி முடித்துக்கொண்டார்.

"மூணாவது?" என்றார் ஆசிரியை.

"பல்லில்லாம இன்னும் வரலைங்கம்மா."

"மொதல்லயே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா வாசிக்க விட்டிருப்பீங்களாங்க?"

சொல்லி அனுப்புகிறோம் என்று மட்டும் சொன்னார் ஆசிரியை.

அதன் பிறகு போன் அடித்தாலே சித்தப்பா வாசலுக்குப் போய் நின்றுகொள்வார், சித்திதான் எடுக்க வேண்டும். ஒரு நாள் காலை கோயிலிலிருந்து பேசினார்கள். திங்கட்கிழமை வேலையில் சேரலாம், ஆனால் பங்குனித் திருவிழா வரைக்கும் பார்ப்போம், அதற்குள் கீர்த்தனை முழுசாக வாசிக்க வர வேண்டும் என்றார்கள். சித்தி ஓடிப்போய்ச் சொன்னார். சித்தப்பா வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"பங்குனிக்குள்ள வந்துருமா?"

"வரலேன்னா வெறும் வரிய வாசிங்க. ஐயர்வாள் பொறக்குறதுக்கு முன்னாடி சாமி நாயனமே கேக்கலியா?"

சித்தப்பா சிரிக்கவில்லை.

"சாமி பழசையும் கேட்டுச்சு, கேட்டுக்கும். அதுக்கப்பறம் பொறந்து சங்கதி கேட்டே வளந்த நாமதானே சித்ரா எதுத்தாப்புல நின்னு கேக்குறோம்" என்றார். பிறகு உள்ளே போய் நாயனத்தை எடுத்தார். நான் சுவருக்கு இந்தப் பக்கம் காற்று கலந்து வந்த வெறும் வரியையும், அதன் மேல் ஏறிய முதல் சங்கதியையும் கேட்டேன்.