பரப்பு: ஆறு

போன வாரம் ஒரு போன் வந்தது. அந்த மனுஷரை நினைத்தால் இன்னும் மனசு குளிர்ந்து போகிறது.

நண்பர் முருகேசன் கூத்தாநல்லூர் பக்கம் அறுவடை மெஷின் வாடகைக்கு விடுகிறார். “யாருக்கு எப்ப மெஷினுன்னு சொல்லியே தொண்டை வறண்டு போச்சுய்யா” என்று புலம்பினார். சரியென்று நோட் ஜேஎஸ் என்கிற புரோகிராம் கருவியில் ஒரு சர்வர் எழுதிக் கொடுத்தேன். விவசாயி போனில் பெயர், ஊர், பரப்பு போட்டால், அது ஜேசனாக வந்து சேரும். ஜேசன் வேறொன்றுமில்லை — இன்ன பெயருக்கு இன்ன மதிப்பு என்று அடுக்கிய தகவல். சர்வர் அதைப் பிரித்து, பரப்பைப் பார்த்து, நேரம் ஒதுக்கி, மெசேஜ் அனுப்பிவிடும்.

அன்றைக்கு முதலில் ஹாஜா பாய் வயல். அடுத்தது பக்கத்து வயல் சகுந்தலா அக்கா. அவருக்கு ‘நாளை காலை’ என்று மெசேஜ். குத்தகை நிலம், முற்றிய கதிர் சாய்ந்து கிடக்கிறது, வானமோ இருட்டிக்கொண்டு வருகிறது... ஒரு மழை அடித்தால் நெல் வயலிலேயே முளைத்துவிடும். பாவம், என்ன செய்வார்?

அப்போதுதான் முருகேசனிடம் என் நம்பர் வாங்கி ஹாஜா பாய் கூப்பிட்டார்.

“தம்பி, என் வயலு முடிஞ்சு போச்சு. டிரைவரு வரப்புல படுத்திருக்காரு. அடுத்த முறை நாளைக்குத்தான்னு போன் சொல்லுதாம். பக்கத்து வயலு அம்மா வானத்தையே பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. என்னான்னு பாருங்களேன்!”

பார்த்தேன். ‘பரப்பு: 6’. சர்வர் அவருக்கு நாள் முழுக்க ஒதுக்கியிருந்தது.

“பாய், உங்க வயலு ஆறு ஏக்கரா?”

“அட, நீங்க ஒண்ணு! ஆறு மா, தம்பி. ரெண்டே ஏக்கரு. நம்ம ஊர்ல யாரு ஏக்கர்ல சொல்றா?”

அதானே! தஞ்சாவூர்க்காரன், எனக்கே உறைக்கவில்லை. ஆறு சரியான எண்தான். ஜேசன் அதைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. மாவா, ஏக்கரா என்று நாம் சொன்னால்தானே அதற்குத் தெரியும்? எர்ரர் வந்திருந்தால்கூடப் பிழைத்திருப்பேன். எர்ரர் வராத தப்புதான் ஆளைக் கவிழ்க்கும்.

மெஷினை உடனே அக்கா வயலில் இறக்கச் சொன்னேன். பிறகு ‘அலகு’ என்று இன்னொரு இடம் சேர்த்தேன். அது காலியாக வந்தால் சர்வர் இனி வாங்காது, திருப்பிக் கேட்கும்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. பாய்க்குப் போன் போட்டேன். தன் வேலை முடிந்ததும் அவர் பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லையே! ஒரு நன்றியாவது சொல்ல வேண்டாமா? நான் வாயைத் திறப்பதற்குள் அவரே கேட்டார்.

“தம்பி, அந்த அம்மா நெல்லு வீட்டுக்குப் போயிடுச்சா?”

“போயிடுச்சு பாய். ஒரு நெல்மணிகூட நனையலன்னு முருகேசன் சொன்னாரு.”

“அல்ஹம்துலில்லாஹ்! ரொம்ப நன்றி தம்பி.”

நான் சொல்ல வேண்டியதை அவர் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.