நல்லமுத்துவின் நாக்கு

வரிசையாகப் பன்னிரண்டு வெள்ளைக் கோப்பைகள். நல்லமுத்து குனிந்து, கரண்டியை உதட்டில் வைத்து, சர்ரென்று ஓர் இழுப்பு இழுப்பார். வாய்க்குள் இரண்டு சுற்று. காலடித் தொட்டியில் துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்கு நகர்வார். பன்னிரண்டாவது முடிந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, "நாலாவதுக்கு அடுப்புச் சூடு கூடிப்போச்சு. ஒம்பதாவது நல்லாருக்கு" என்பார். கொழுந்தை அரைத்துக் காயவைக்கிற அந்தத் தேயிலை ஸ்டோரில் அதற்குமேல் பேச்சில்லை.

இலங்கை மலைநாட்டில், தலவாக்கலைக்கு மேலே, மழை விட்டால் பனிமூட்டம், பனிமூட்டம் விட்டால் மழை என்று கிடக்கிற தோட்டம். அங்கே தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, கொழுந்து மூட்டை சுமந்து, ஸ்டோர் அடுப்புக்கு விறகு தள்ளி, தேயிலையின் பக்குவம் பார்க்கிற டீமேக்கர் வரைக்கும் வந்தவர் அவர். அந்த நாற்காலிக்கு வழக்கமாக வெளியூரிலிருந்து படித்தவர்கள்தான் வருவார்கள். நல்லமுத்துவை அதில் உட்காரவைத்தது அவருடைய நாக்கு. ஸ்டோருக்குப் பின்னால் இரண்டு அறையும் சொந்தமாக ஒரு தண்ணீர்க் குழாயும் உள்ள குவாட்டர்ஸ் கிடைத்ததும் அதனால்தான்.

அந்த நாக்கை அவர் வளர்த்த விதத்தைக் கேட்டால் சிரிப்பு வரும், கொஞ்சம் பாவமாகவும் இருக்கும். இருபத்திரண்டு வருடமாக மிளகாய் கிடையாது. வெற்றிலை, பீடி, பூண்டு, சாராயம் எதுவும் கிடையாது. வாசனைச் சோப்பு கூட ஆகாது, பயற்றம்மாவுதான். மாரியம்மன் திருவிழாவில் ஊரே காரக்குழம்பில் கை நனைக்கும்போது இவர் ஓரமாக உட்கார்ந்து தயிர்ச்சோற்றைப் பிசைவார். வீட்டில் மனைவி ராக்காயிக்கு ரொட்டியும், மிளகாயும் தேங்காயும் அரைத்த சம்பலும். இவருக்கு ரொட்டியும் ஒரு துண்டு வெல்லமும். "நான் வாக்கப்பட்டது மனுசனுக்கா, நாக்குக்கா?" என்று அவள் மாதம் ஒரு தடவையாவது கேட்காமல் இருக்கமாட்டாள். "நாக்குதான் புள்ள நம்மளுக்குச் சோறு போடுது" என்பார் இவர்.

அந்த நாக்கு செத்து எட்டு மாதமாகிறது.

போன மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் மூன்று வாரத்தில் போயிற்று. போகும்போது ருசியையும் எடுத்துக்கொண்டு போயிற்று. ராக்காயிக்குக்கூட அவர் சொல்லவில்லை. மூக்கு பிழைத்துக் கிடந்தது. தேயிலைச் சாயத்தின் நிறத்தைப் பார்த்தும், ஆவியை முகர்ந்தும், வாடின கொழுந்தை உள்ளங்கையில் கசக்கியும் எப்படியோ ஒப்பேற்றி வந்தார். ஆனால் கசப்பும் துவர்ப்பும் மூக்குக்குப் பிடிபடுகிற சங்கதி அல்லவே. இரண்டு மாதத்துக்கு முன் கொழும்பு ஏலக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது: உங்கள் தேயிலை கசக்கிறது. பெரிய துரை மக்லாரன் பழியை மழையின்மேல் போட்டுவிட்டார். நல்லமுத்துவுக்குத்தான் உண்மை தெரியும். விஷயம் வெளியே வந்தால் வேலை போகும். வேலை போனால் குவாட்டர்ஸ் போகும். ஐம்பத்தைந்து வயதில் மறுபடி லயத்தில் ஒற்றை அறை. ஒவ்வொரு நாளும் கரண்டியைக் கையில் எடுக்கும்போது அவருக்கு உடம்பே சலித்துப்போகும்.

மக்லாரன் துரை சீமைக்குக் கப்பலேறுகிற வாரம். பொறுப்பை ஏற்க விஜேகோன் என்ற சிங்களத் துரை வந்திருந்தார். சாயங்காலம் ஐந்து மணிக்கு நல்லமுத்துவைப் பங்களாவுக்குக் கூப்பிட்டு அனுப்பினார்கள். வராந்தாவில் இரண்டு துரைமாரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு போத்தல். வெளிநாட்டுச் சாமான் வரத்து சுருங்கிப்போன காலம் அது. பங்களாவில் மிஞ்சியிருந்த கடைசி ஸ்கொட்ச் விஸ்கி அதுதான். பங்களாச் சமையற்காரர் செல்லசாமி அதை இரண்டு கையாலும் பிடித்து ஊற்றினார்.

"இந்த மலையில இவன் நாக்கு மாதிரி ஒண்ணு இல்லை" என்று புதுத் துரையிடம் பெருமையடித்துவிட்டு, மக்லாரன் துரை ஒரு கிளாஸை நீட்டினார். "நல்லமுத்து, இதுல என்ன இருக்கு, சொல்லு."

நல்லமுத்து கிளாஸை விளக்குப் பக்கம் தூக்கிப் பார்த்தார். முற்றின சாயத்தின் நிறம். மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினார். "ஒலந்த திராட்சப் பழம் இருக்குங்க. நனஞ்ச மரம். கிறிஸ்மஸுக்குத் தொரசாணி குடுக்கிற கேக்கு வாசமும் வருதுங்க."

மக்லாரன் துரை தொடையில் அடித்துக்கொண்டார். ஷெர்ரி என்ற ஸ்பெயின் நாட்டு ஒயின் கிடந்த பீப்பாயில் இந்த விஸ்கியைப் பதினைந்து வருடம் தூங்கவிடுவார்களாம். பழைய ஒயினின் வாசம் மரத்திலிருந்து இதில் ஏறிவிடுமாம். அதுவும் பல இடத்துச் சரக்கைக் கலக்காமல் ஒரே இடத்தில் வடித்ததாம்.

நல்லமுத்துவுக்கு அது விசித்திரமாக இருந்தது. "தேயிலப் பெட்டியில பக்கத்து வாசம் ஒட்டுனா நாம தள்ளிப்புடுவோங்க. இதுக்கு அதுதாங்களா பெருமை?" என்று கேட்டார். விஜேகோன் துரை அப்போதுதான் அவரை முதல் தடவையாக நன்றாகப் பார்த்தார்.

"இப்ப நாக்குல பாரு" என்றார் மக்லாரன்.

சர்ரென்று ஓர் இழுப்பு. இரண்டு சுற்று. பழக்கம் யாரை விட்டது? திரும்பி, பக்கத்தில் செடி வைத்திருந்த பித்தளைத் தொட்டியில் துப்பினார். செல்லசாமி கண்ணை இறுக மூடிக்கொண்டார். மக்லாரன் துரைக்குச் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. "அது டீ இல்லை, மேன்! விழுங்கு!" என்று தன் கையாலேயே மறுபடி ஊற்றிக் கொடுத்தார்.

இந்தத் தடவை நல்லமுத்து வாயிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தார். தேயிலைக்கு அசையாத நாக்கு இவ்வளவு பெரிய சாமானுக்காவது அசையாதா என்று அவருக்கு ஒரு நப்பாசை. நெஞ்சு முழுக்க அதை வேண்டிக்கொண்டார் என்றே சொல்லலாம். எரிச்சல் தெரிந்தது. தொண்டையில் சூடு இறங்கியது. அவ்வளவுதான். பதினைந்து வருடம் காத்துக் கிடந்த ஒன்று வெந்நீரைப்போல உள்ளே போய்விட்டது.

"சொல்லு. இனிப்பா, கசப்பா, துவர்ப்பா?"

இனிப்பு என்று சொல்லியிருக்கலாம். மூக்கு அப்படித்தான் எடுத்துக் கொடுத்தது. எட்டு மாதமாகச் சொல்லிப் பழகின பொய்யும்கூட. ஆனால் அவருக்கு அலுத்துப்போயிருந்தது.

"ஒண்ணுமே தெரியலைங்க தொரை. சூடு மட்டுந்தான் தெரியுது. போன மழைக் காச்சலோட என் நாக்கு செத்துப்போச்சுங்க."

மக்லாரன் துரை அதையும் ஒரு வேடிக்கையாக எடுத்துக்கொண்டு சிரித்தார். விஜேகோன் துரை சிரிக்கவில்லை. கிளாஸை மேசையில் வைத்துவிட்டு, "காலையில ஏழு மணிக்கு நானும் ஸ்டோருக்கு வாறேன். கோப்பையை ரெண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம்" என்றார். குரலில் கோபமில்லை.

"சரிங்க தொரை."

பங்களாப் படியிறங்கி வீட்டைப் பார்த்து நடந்தார். விடிந்தால் எல்லாம் தெரிந்துவிடும். பயம் வரும் வரும் என்று பார்த்தார், வரவில்லை. மூட்டையை இறக்கி வைத்தவனுக்கு வருகிற அசதிதான் வந்தது.

ராக்காயி அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் மூக்கைச் சுளித்தாள். "என்னாங்க, குடிச்சீங்களா?"

"தொரை குடுத்தாரு."

"எப்புடி இருந்துச்சு?"

நல்லமுத்து ரொட்டியைப் பிய்த்து, அவள் தட்டிலிருந்த சம்பலில் அழுத்தித் தொட்டு வாயில் போட்டு மென்றார். மறுபடியும் தொட்டார். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வழிந்தது. துடைக்காமல் மூன்றாவது தடவையும் கையை நீட்டினார்.

ராக்காயி ரொட்டியைத் திருப்புவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். ரொட்டி கருகத் தொடங்கியது.

"எப்பலேருந்து?"

"காச்சலுக்கப்புறம்."

அவள் அவருக்கென்று எடுத்து வைத்திருந்த வெல்லத்துண்டைத் திரும்ப டப்பாவில் போட்டு மூடினாள். அம்மியில் மிச்சமிருந்த சம்பல் முழுவதையும் கையால் வழித்து அவர் தட்டில் வைத்தாள்.