முப்பதாவது வில்லை

ரூலீன் முப்பத்து நான்கு வருஷம் மெப்பல் ஊரில் தபால் கொடுத்தவள். மழையோ பனியோ, யாருக்கு வந்த பொருளோ அது அவர் கையில் போய்ச் சேர்ந்தால்தான் அவளுக்குக் காபி தொண்டையில் இறங்கும். எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டு ஐயா உறுமலோடு விட்டுவிடுவார் என்பதெல்லாம் அத்துப்படி. ஊர்ச் சாமானை இப்படி ஒழுங்காக ஒப்படைத்த மகராசிக்கு, தன் வீட்டுச் சாமானை மட்டும் அடுத்தவருக்குக் கொடுக்க மனசே வராது. ஆறு வருஷமாக அவள் கடை போட்ட லட்சணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள்.

அந்த நாட்டில், ஏப்ரல் கடைசியில் வருகிற அரசர் பிறந்தநாள் அன்று யார் வேண்டுமானாலும் தெருவில் கடை விரிக்கலாம். முந்தின நாளே நடைபாதையில் சாக்பீஸால் கட்டம் போட்டுப் பெயர் எழுதிவிட வேண்டும், அவ்வளவுதான். எழுதிவிட்டால் அது பட்டா போட்ட இடம். போலீஸ்காரர்கூடச் சுற்றித்தான் போவார். அம்மா காலமான மறு வருஷத்திலிருந்து ரூலீன் தவறாமல் பெம்மியின் ரொட்டிக்கடை வாசலில் கட்டம் போட்டாள். பெற்றோரின் சாமான்களைப் பரப்பினாள். சாயந்திரம் அத்தனையையும் தள்ளுவண்டியில் ஏற்றி வீட்டுக்கே கொண்டுபோனாள்.

வாங்க யாரும் வராமல் இல்லை. வந்தவர்களை அவள் மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி அல்லவா விசாரித்தாள்!

"அம்மாவோட சூப் பாத்திரம் அது. எங்க வைப்பீங்க?"

"செடி வைக்கலாம்னு..."

"செடியா! வெச்சுட்டுப் போங்க கீழ."

ரொட்டிக்கடையிலிருந்து பெம்மி தலையை நீட்டுவாள். "என்ன ரூலீன், இந்த வருஷமும் கண்காட்சிதானா? டிக்கெட் போட்டாலாவது நாலு காசு தேறும்."

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று இருந்தது. அப்பாவின் ஷூல் பலகை. நம் கேரம் போர்டுக்கு நெட்டையாக ஓர் அண்ணன் இருந்தால் அதுதான் இது. ஆள் நீளத்துக்கும் மேலே போகும் பலகை, ஒரு கோடியில் நான்கு சின்ன வாசல். முப்பது மர வில்லைகளை ஒவ்வொன்றாக வழுக்கிவிட்டு வாசலுக்குள் தள்ள வேண்டும். பிறந்தநாள், புதுவருஷம், மழைக்கால ஞாயிறு என்று அந்த வீட்டில் அது ஓயாமல் டக் டக் என்று சத்தம் போட்டது. அப்பா தோற்றால் அன்றைக்கு அம்மா உட்பட யாரும் அவரிடம் பேசக்கூடாது.

இந்தப் பலகைக்கு ரூலீன் ஒரு தந்திரம் வைத்திருந்தாள். வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே ஒரு வில்லையை எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொள்வாள். யாராவது ஆசையாகப் பலகையைத் தடவினால், முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு, "ஒரு வில்லை குறையுதுங்க, இருபத்தொன்பதுதான் இருக்கு" என்பாள். முப்பது இல்லாமல் அந்த ஊரில் எவனும் ஷூல் ஆடமாட்டான். ஒன்று குறைந்தாலும் கணக்கு உதைக்கும், அண்ணன் தம்பிக்குள் அடிதடி வரும். ஆகவே வந்தவர்கள் உச்சுக்கொட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பைக்குள் அவள் விரல் வில்லையைத் தடவிக்கொண்டிருக்கும்.

ஆனால் இந்த வருஷம் தப்பிக்க வழியில்லை. மே ஒன்றாம் தேதி வாடகை வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவள் போகப்போவது நாலாவது மாடியில் இரண்டே அறை. அந்த லிஃப்டில் பலகை நுழையாது, நுழைந்தாலும் வைக்க இடமில்லை. தம்பி ஹார்ம் வீட்டில், "அது உள்ள வந்தா நான் வெளிய" என்று அவன் பெண்டாட்டி சொல்லிவிட்டாள். இன்றைக்கு விற்காவிட்டால் திங்கட்கிழமை நகராட்சிக் குப்பை லாரியில்தான் ஏற்ற வேண்டும். இதை நினைத்து ரூலீன் இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை.

காலையில் ஹார்மும் கூடவே வந்தான், அரசர் நாளுக்கென்று ஊரே போடுகிற ஆரஞ்சுத் தொப்பி, ஆரஞ்சுச் சட்டை, கறாரான முகம். "இங்க பாரு ரூலீன், ஒரு கரண்டிகூட வீட்டுக்குத் திரும்பக்கூடாது. விசாரணையெல்லாம் வேண்டாம். கேட்டா குடு."

"நீ என்ன எனக்கு மேலதிகாரியா? போய்க் காபி வாங்கிட்டு வா."

இருந்தாலும் கொடுத்தாள். சூப் பாத்திரம் போயிற்று. காபி அரைக்கிற மில், பதினான்கு முட்டைக் கிண்ணங்கள், அப்பாவின் குடை, எல்லாம் போயின. ஒவ்வொன்று போகும்போதும் அது தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். பத்து நிமிஷம் கழிந்ததும், அட, மூச்சு கொஞ்சம் லேசாகத்தான் வந்தது. மதியத்துக்குள் கட்டத்துக்குள் பலகை மட்டும் தனியாகக் கிடந்தது.

அப்போதுதான் யோரிண்டெ வந்தாள். ஊர் பஸ் ஓட்டுகிறவள். முன்னால் மரப்பெட்டி வைத்த நீள சைக்கிள், அதற்குள் ஒன்பது வயது மகள் பீன். அந்தப் பெண் குதித்திறங்கி, யாரையும் கேட்காமல் ஒரு வில்லையை எடுத்துப் பலகைமேல் தள்ளினாள். அது வழுக்கிப் போய் டக்கென்று நாலாம் வாசலில் நுழைந்தது. ரூலீனுக்கு அந்தச் சத்தம் நெஞ்சில் கேட்டது.

விசாரணை தானாகவே வாயில் வந்துவிட்டது. "எங்க வைப்பீங்க?"

"ஹால்லதான். இவ பிறந்தநாளுக்கு இருபது பேர் வருவாங்க. மழை பெஞ்சா அத்தனை பேரையும் வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?"

"தோத்தா அழுவீங்களா?"

"நான் அழமாட்டேன். என் புருஷன் அழுவாரு."

ஐயோ, எல்லா பதிலும் சரியான பதில்! ரூலீன் கையைப் பைக்குள் விட்டாள். வில்லை இருந்தது. குப்பை லாரி ஞாபகமும் வந்தது. ஆனாலும் பழகிய வாய் சும்மா இருக்குமா?

"ஒரு விஷயங்க. ஒரு வில்லை குறையுது."

பீன் ஏற்கெனவே எண்ண ஆரம்பித்திருந்தாள். "ஒண்ணு இல்ல, ரெண்டு. இருபத்தெட்டுதான் இருக்கு."

"சும்மா இரு, காலைல கிளம்பறப்போ நானே எண்ணினேன். இருபத்தொன்பது!"

"நீங்களே எண்ணிப் பாருங்க."

எண்ணினாள். இருபத்தெட்டு. மறுபடி எண்ணினாள். இருபத்தெட்டேதான். நிமிர்ந்து பார்த்தாள். ஹார்ம் ரொட்டிக்கடைக் கூரைமேல் ஏதோ அபூர்வப் பறவை உட்கார்ந்திருப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான். காது இரண்டும் சட்டை நிறத்துக்குப் போயிருந்தன.

"ஹார்ம்."

"ம்?"

"பாக்கெட்டக் காட்டு."

"முதல்ல நீ காட்டு. ஆறு வருஷமா எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

"டேய் திருட்டுப்பயலே! கரண்டி திரும்பக்கூடாதுன்னு சட்டம் பேசினது யாரு?"

"காலைல வண்டில ஏத்தறப்போ கை தானா போயிடுச்சு, ரூலீன். அப்பாவோட கை பட்டதாச்சே."

பெம்மி கடை வாசலில் மாவுக் கையோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். யோரிண்டெ சிரித்தாள். அக்காவும் தம்பியும் சிரித்தார்கள். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், அதில் பாதி சிரிப்பினால் வந்த ஈரம் இல்லை.

ரூலீன்தான் முதலில் வில்லையை வெளியே எடுத்தாள். ஆறு வருஷம் பைக்குள் தடவித் தடவி அது பளபளவென்று ஆகியிருந்தது. பலகைமேல் வைத்தாள்.

"எனக்கு ஒண்ணாவது வேணும்" என்றான் ஹார்ம், ஐம்பத்தெட்டு வயது மனுஷன்.

"ஒண்ண வெச்சு என்னடா ஆடுவ? உன் பாக்கெட்லயும் என் பாக்கெட்லயும் அது சத்தமே போடாது. வை."

வைத்தான். பீன் உரக்க எண்ணி முடித்தாள்: "முப்பது!"

"எவ்வளவு?" என்று கேட்டாள் யோரிண்டெ.

"இருபத்தஞ்சு யூரோ."

"சரி."

"இருங்க, இருபது போதும்" என்றாள் ரூலீன். விற்கிறவளே விலையைக் குறைத்ததைப் பெம்மி அடுத்த வருஷம் வரைக்கும் சொல்லிக்கொண்டிருப்பாள்.

சைக்கிளில் ஏற்றப் பலகையைப் புரட்டியபோது அடிப்பக்கம் முழுக்கப் பென்சில் எழுத்து. பெயர்கள், தேதிகள், புள்ளிகள். எல்லாவற்றுக்கும் உச்சியில் அப்பாவின் பெயரும் நூற்று முப்பத்தாறும்.

"இதெல்லாம் அழிச்சிடணுமா?" என்று கேட்டாள் பீன்.

"அழிச்சுத்தான் பாரேன், தினம் உன் வீட்டு வாசல்ல வந்து மணி அடிப்பேன். அந்த நூத்து முப்பத்தாற ஜெயி, அப்புறம் அதுக்கு மேல உன் பேர எழுது."

"அது ஒண்ணும் கஷ்டமில்ல பாப்பா. அன்னிக்கு எங்கப்பா மட்டும்தான் ஹால்ல இருந்தாரு, எண்ணினதும் அவரேதான்" என்றான் ஹார்ம்.

பீன் பலகையை அணைத்துப் பிடித்துக்கொள்ள, யோரிண்டெ மணியடித்தபடி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாய்க்கால் பக்கம் திரும்பினாள். ரூலீன் பழக்கதோஷத்தில் கையைப் பைக்குள் விட்டாள். ஒன்றுமில்லை. வெளியே எடுத்தாள், மறுபடி விட்டாள். அந்தக் கையை என்ன செய்வதென்றே அவளுக்குத் தெரியவில்லை. அழுகை வந்துவிடும் போலிருந்தது.

ஹார்ம் ரொட்டிக்கடைக்குள் போய் இரண்டு கேக் வாங்கிவந்தான். மேலே ஆரஞ்சுப் பூச்சு, நடுவில் கடித்தால் நாலாபக்கமும் பிதுங்குகிற க்ரீம். அதைத் தின்ன யாருக்கும் இரண்டு கை போதாது.

"இந்தா, கை சும்மாதானே இருக்கு. பிடி."

இருவரும் காலியான சாக்பீஸ் கட்டத்துக்குள் உட்கார்ந்து, மூக்கிலும் விரலிலும் க்ரீம் வழிய, ஒரு துணுக்கும் மிச்சமில்லாமல் தின்று முடித்தார்கள்.